கண்ணாடி விரியன் கடித்தது காலில், சிறுநீரகம் ஏன் கெட்டது?

கடலைக்கொல்லை:

எல்லோருக்கும் வணக்கம். கடலை பிடுங்கும்போது எங்கள் சித்தப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே கடி. கூட இருந்தவர்கள் அடித்துப்போட்டுப் பார்த்ததில் கண்ணாடி விரியன்தான் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். முதலில் தொடையில் கயிற்றை இறுக்கிக் கட்டி, பச்சிலை கொடுப்பவரிடம் கூட்டிப்போய்விட்டார்கள், அங்கே சில மணி நேரம் போய்விட்டது, அதற்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே போகும்போதே ஈறில் ரத்தம் கசிந்தது, சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. ரத்தம் உறையவே இல்லை என்று சொல்லி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் ஏற்றினார்கள். மறுநாள் ரத்தம் உறைய ஆரம்பித்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் அதற்குள் சிறுநீர் குறைந்துகொண்டே வந்து இப்போது டயாலிசிஸ் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது வீட்டில் பெரிய சண்டை. மருந்தை அளவுக்கு மீறி ஏற்றித்தான் கிட்னியைக் கெடுத்துவிட்டார்கள் என்று சித்தியின் அண்ணன் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. நான் படித்த வரைக்கும் விரியன் விஷம் ரத்தத்தை உறைய வைக்கும் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஏன் ரத்தம் கசிந்தது? ரத்தம்தான் சரியாகிவிட்டதே, பிறகு ஏன் சிறுநீரகம் நின்றது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

வார்டு டாக்டர்:

தம்பி, முதலில் வீட்டுச் சண்டைக்குப் பதில். சிறுநீரகத்தைக் கெடுத்தது விஷம், மருந்து இல்லை. விஷமுறிவு மருந்துக்கு ஒவ்வாமை வரலாம், அதை மறைக்க வேண்டியதில்லை: தடிப்பு, குளிர் நடுக்கம், சிலருக்கு மூச்சுத்திணறலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதும். அதனால்தான் அந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு ஏற்றுகிறோம். அளவைப் பற்றி உங்கள் உறவினர் கேட்பதற்கும் கணக்கு இருக்கிறது. இந்த மருந்தின் ஒரு மில்லி, கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமைத்தான் முறிக்கும். ஒரு குப்பி 10 மில்லி, ஆக 6 மில்லிகிராம். இந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக 60 மில்லிகிராமுக்கு மேல் இறக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் எடுத்த எடுப்பில் 8 முதல் 10 குப்பி என்பது தாராளம் இல்லை, தேவை. சின்னக் குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து அளந்து கடிப்பதில்லை.

அடுத்து உங்கள் கேள்வி. உறைய வைக்கும் விஷம், ரத்தத்தை ஏன் ஓடவிடுகிறது? ரத்தம் உறைவதற்கு உடம்பில் ஒரு வரிசை இருக்கிறது, ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி எழுப்பும், அது அடுத்ததை, கடைசியில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஃபைப்ரின் நூலாக மாறி அடைப்பு உண்டாகும். இது காயம் பட்ட இடத்தில் மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் நடக்க வேண்டிய வேலை. கண்ணாடி விரியனின் விஷத்தில் இந்த வரிசையின் நடுவிலேயே புகுந்துகொள்ளும் நொதிகள் இருக்கின்றன. அந்த வரிசைப் புரதங்களில் பத்தாம் காரணி என்பதை ஒன்று நேராகத் தூண்டும், இன்னொன்று ஐந்தாம் காரணியை. சுருட்டை விரியன் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, புரோத்ராம்பின் என்ற அடுத்த புரதத்தையே தூண்டிவிடும். இது காயத்தில் நடப்பதில்லை, ரத்தம் ஓடுகிற இடமெல்லாம் நடக்கிறது. பெரிய கட்டியாக உறையாமல், கண்ணுக்குத் தெரியாத இழைகளாக உறைந்துகொண்டே இருக்கும், உடம்பும் அந்த இழைகளைக் கரைத்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஃபைப்ரினோஜன் கையிருப்பு முழுக்கத் தீர்ந்துவிடும். விதைநெல்லையும் எடுத்துப் பொங்கித் தின்றுவிட்டால் விதைக்கிற நாளில் கையில் என்ன இருக்கும்? அதே நிலைமைதான். அந்த நேரத்தில் ஈறில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும், ஊசி குத்திய இடமாக இருந்தாலும், அடைக்க ஆள் இல்லை.

மருந்து என்ன செய்கிறது என்றால், ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. அது குதிரையின் உடம்பில் உருவாக்கிய எதிர்ப்புப் புரதம். தீர்ந்துபோன ஃபைப்ரினோஜனை அது கொண்டுவந்து கொடுக்காது, அதைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அதனால்தான் ஆறு மணி நேரம் காத்திருந்து மறுபடி பரிசோதித்து, இன்னும் உறையவில்லை என்றால் விஷம் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்த டோஸ் கொடுப்பது. உங்கள் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இத்தோடு ரத்தக்குழாயின் சுவரும் அடி வாங்குகிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. மிக மெல்லிய நுண்குழாய்களைச் சுற்றிக் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன ஒரு சன்னமான படலம் இருக்கிறது, குழாயைத் தாங்குவது அதுதான். விரியன் விஷங்களில் உள்ள உலோகப் புரதச்சிதை நொதிகள், அதாவது துத்தநாகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யும் நொதிகள், இந்தப் படலத்தை வெட்டிவிடும். தாங்குவதற்கு ஒன்றும் இல்லாத குழாய் ரத்தத்தின் சாதாரண அழுத்தத்திலேயே கிழிந்துவிடும். உறையும் பொருள் தீர்ந்திருக்கிற அதே நேரத்தில் சுவரும் பலவீனமாகிவிடுகிறது. மூளைக்குள் ரத்தக்கசிவு வந்து இறந்துபோகிறவர்கள் இப்படித்தான் போகிறார்கள். சிலருக்கு நேர் எதிராக, அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வந்ததையும் இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவு செய்திருக்கிறார்கள்.

சிறுநீரகத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், டியூட்டி முடித்துவிட்டு வருகிறேன்.

ரத்தச்சோதனை மாலா:

டாக்டர் சொன்ன அந்தப் பரிசோதனையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் லேப் டெக்னீசியன், இது என் கையில் தினமும் நடக்கிற வேலை. நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு, அப்புறம் ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் அப்படியே நிற்கும். தண்ணீர் மாதிரி ஓடினால் நம் பக்கம் அது பெரும்பாலும் விரியன் கடிதான். பத்து பைசா செலவில்லை, மெஷின் வேண்டாம், கரண்ட் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம்.

ஆனால் குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். ரத்தம் கண்ணாடியைத் தொடும்போதுதான் உறைகிற வேலை தூண்டப்படுகிறது. பிளாஸ்டிக் குழாயில் விட்டாலோ, சோப்புப் பவுடர் போட்டுக் கழுவிய குழாயில் விட்டாலோ, நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றிவிடும், விஷம் ஏறாதவருக்கு வீணாக மருந்து போய்விடும். நடுவில் நடுவில் எடுத்து ஆட்டிப் பார்ப்பதும் தப்பு. சொந்தக்காரர்கள் பதற்றத்தில் "என்னம்மா ஆச்சு, எடுத்துப் பாரேன்" என்பார்கள், அந்த 20 நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்பேன். வந்தவுடன் உறைந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்கும் அனுப்பக் கூடாது, விஷம் மெதுவாக ஏறி அடுத்தடுத்த சோதனையில் தெரிவதும் உண்டு, குறைந்தது 24 மணி நேரமாவது வைத்துப் பார்க்க வேண்டும்.

கடலைக்கொல்லை:

ரொம்ப நன்றி டாக்டர், நன்றி மாலா அக்கா. விதைநெல் உதாரணத்தைச் சித்தியின் அண்ணனிடமும் சொன்னேன், கொஞ்சம் அடங்கியிருக்கிறார். இன்னொரு சந்தேகம். இரண்டாம் நாள் சித்தப்பாவின் முகம் முழுக்க வீங்கிவிட்டது. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் உப்பி, கண்ணின் வெள்ளைப் பகுதியில் நீர் கோத்து, இமையை மூட முடியாமல் இருந்தார். கடி காலில், முகம் ஏன் வீங்க வேண்டும்? டாக்டர்கள் அதைப் பார்த்ததும் ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள்.

வார்டு டாக்டர்:

ஐசியூவுக்கு மாற்றியது மிகச் சரி. நீங்கள் சொல்வது நுண்குழாய்க் கசிவு. நான் மேலே சொன்னது குழாய் கிழிந்து ரத்தம் வெளியேறுவது. இது வேறு, குழாய் கிழியாது, ஆனால் சுவரின் செல்களுக்கு நடுவே இடைவெளி விட்டுவிடும், ரத்தத்தின் நீர்ப்பகுதியும் அதிலுள்ள ஆல்புமின் என்ற புரதமும் வெளியே போய்விடும், சிவப்பணுக்கள் உள்ளேயே நிற்கும். நம் உடம்பில் புதுக் குழாய்கள் வளரவும், குழாய்ச்சுவரைத் தளர்த்தவும் ஒரு வளர்ச்சிக் காரணி இருக்கிறது. அதே சாயலில் ஒரு புரதம் கண்ணாடி விரியனின் விஷத்திலும் இருக்கிறது, சுவரைத் தளர்த்துவதில் அது பலமானது. கசிவுக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

கண்வெள்ளை நீர் கோப்பதும், காதடி உப்புவதும்தான் நமக்கு முதலில் கண்ணில் படும் அடையாளங்கள். உள்ளே பார்த்தால் நெஞ்சுக்கூட்டில் நீர், வயிற்றில் நீர், நுரையீரலில் நீர். ரத்தம் கெட்டியாகிக்கொண்டே போகும், அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். ட்ரிப்ஸ் ஏற்றினால் அதுவும் வெளியே கசியும், ஏற்றாவிட்டால் உறுப்புகளுக்கு ரத்தம் போகாது. அந்த இக்கட்டில் ஒவ்வொரு மணி நேரமும் அளவு பார்த்து ஏற்ற வேண்டியிருக்கும். விஷமுறிவு மருந்து கொடுத்தும் இது தொடர்வதுண்டு, இந்தக் கடியில் உயிர் போகும் வழிகளில் இது மோசமான ஒன்று. சித்தப்பா அதைத் தாண்டி வந்திருக்கிறார் என்பதைப் பெரிதாக நினையுங்கள்.

இப்போது சிறுநீரகம். அங்கே நாலு அடி ஒரே நேரத்தில் விழுகிறது. நான் சொன்ன அந்த நுண்ணிய ஃபைப்ரின் இழைகள் சிறுநீரகத்தின் வடிகட்டிக் குழாய்களில் போய்ச் சிக்கும். அதில் மோதிச் சிவப்பணுக்கள் உடையும், ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உடைந்த துண்டுகள் தெரியும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்திருக்கும். ரத்த அழுத்தம் இறங்கியதால் போகிற ரத்தமே குறைவு. உடைந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினும், நம் தென்னிந்தியா, இலங்கைப் பக்கத்துக் கண்ணாடி விரியனில் விஷம் தசையையும் சிதைப்பதால் தசையிலிருந்து வரும் மையோகுளோபினும், சிறுநீரக நுண்குழல்களை அடைக்கும். நீங்கள் பார்த்த காப்பி நிறம் அதுவாக இருக்கலாம். போதாதற்கு விஷமே அந்தச் செல்களை நேராகத் தாக்குகிறது. இதெல்லாம் முதல் சில மணி நேரத்தில் நடந்துவிடுகிறது, ஆனால் சிறுநீர் குறைவதும் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுவதும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். ரத்தம் சரியான பிறகு சிறுநீரகம் கெட்டதாக உங்களுக்குத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். அது கெட்டது பச்சிலைக்காகக் காத்திருந்த நேரத்திலேயே. யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை, ஆனால் மருந்து சேர்ந்த நேரம்தான் இந்த நோயாளிகளின் கதியைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது என்பதை ஊரில் நாலு பேருக்காவது சொல்லுங்கள்.

திரும்பி வருமா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். பெரும்பாலானவர்களுக்கு நுண்குழல் செல்கள் மட்டும் இறந்திருக்கும், அவை மறுபடி முளைக்கும், சில வாரங்களில் டயாலிசிஸை நிறுத்திவிடலாம். சிலருக்குச் சிறுநீரகத்தின் வெளிப்பட்டையே ரத்தம் இல்லாமல் செத்துப்போயிருக்கும், அது முழுதாகத் திரும்பாது. மூன்று நாலு வாரம் ஆகியும் சிறுநீர் வரவில்லை என்றால் ஸ்கேனோ பயாப்ஸியோ செய்து பார்ப்பார்கள். அதுவரை நம்பிக்கையை விட வேண்டாம்.

திருச்சி செல்வி:

கடலைக்கொல்லை தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. என் அண்ணனுக்கும் கண்ணாடி விரியன் கடிதான், அவரும் டயாலிசிஸ் முடிந்து நல்லபடியாக வீட்டுக்கு வந்தார். ஆனால் மாதங்கள் போகப் போக ஆள் ஓய்ந்துபோனார். எழுந்தால் தலைசுற்றல், எப்போது பார்த்தாலும் குளிர்கிறது என்பார், சாப்பாட்டில் நாட்டமில்லை, தாடி வளர்வதுகூடக் குறைந்துவிட்டது. பயம் பிடித்துவிட்டது, மனசுதான் காரணம் என்று நாங்களும் நினைத்தோம், பார்த்த டாக்டர்களும் சத்து மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் ஒரு ஹார்மோன் டாக்டர்தான் பாம்பு கடித்ததா என்று கேட்டுப் பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தார். மூளைக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன சுரப்பிக்குள் கடி நடந்தபோதே ரத்தம் கசிந்து அது செத்துப்போயிருக்கிறதாம். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போன பெண்களுக்கு வருவதும் இதே மாதிரிதான் என்றார். இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறார், வயலுக்கும் போகிறார்.

வார்டு டாக்டர்:

செல்வி அம்மா சொன்னது மிக முக்கியமானது. 1980களில் மியான்மரில் கண்ணாடி விரியன் கடித்தவர்களிடம் இதை விரிவாக விவரித்தார்கள், தென்னிந்தியாவிலும் நிறையப் பதிவாகியிருக்கிறது. சிறுநீரகம் பாதித்தவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். கடித்த சில நாளிலேயே வந்தால் ரத்த அழுத்தம் காரணமில்லாமல் விழும், சர்க்கரை இறங்கும். மெதுவாக வந்தால் வருடக்கணக்கில்கூட யாருக்கும் தெரியாது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும்.

ஃபாலோ-அப்புக்குப் போகும்போது ரத்தத்தில் காலை நேர கார்டிசாலும் (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டில், அதைத் தூண்டப் பிட்யூட்டரி அனுப்பும் டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்தால் போதாது, இந்த நோயில் அது நார்மல் என்று வந்துவிடும், தைராய்டே சுரக்கும் டி4 ஹார்மோனையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். கார்டிசால், டி4 இரண்டும் குறைவாக இருந்தால் ஸ்டீராய்டு மாத்திரையை முதலில் ஆரம்பித்துவிட்டுத்தான் தைராய்டு மாத்திரை கொடுக்க வேண்டும், மாற்றிக் கொடுத்தால் ஆபத்து.

மருந்தாளுநர் கடலூர்:

மருந்துக்கடையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒன்று. பாம்பு கடித்தவருக்கு வலி என்று டைக்ளோஃபெனாக் ஊசியோ ஆஸ்பிரினோ யாரும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அது இன்னும் குறைக்கும், தட்டணுக்களையும் கெடுக்கும். உறையாத ரத்தத்தோடு இடுப்பில் ஊசி போட்டால் தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். வலிக்குப் பாராசிட்டமால் மாத்திரை போதும். கடித்த இடத்தைக் கீறுவதும் உறிஞ்சுவதும் கயிறு கட்டுவதும் கெடுதல்தான். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, காலை அசைக்காமல் வைத்து, 108க்குக் கூப்பிட்டு, மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவதுதான் முதலுதவி. பாம்பை அடிக்க நேரம் செலவழிக்கவும் வேண்டாம். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான்.

இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி நம்மூரிலிருந்துதான் போகிறது, மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்கள் 1978 முதல் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. பாம்பைப் பிடித்து, சில முறை விஷம் எடுத்துவிட்டு, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் கைவேலை இல்லாமல் இந்த நாட்டில் எத்தனை உயிர் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

டாக்டர் சொன்ன அந்தப் பத்தாம் காரணி நொதிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1934இல் லண்டனில் மெக்ஃபர்லேன், பார்னெட் என்ற இரண்டு பேர் இதே கண்ணாடி விரியன் விஷத்தை மிகவும் நீர்த்துப்போகச் செய்து, பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோய் உள்ளவர்களுக்கு ரத்தம் கசியும் இடத்தில் மேலாக வைத்து நிறுத்திக் காட்டினார்கள். பிறகு அது ஸ்டிப்வென் என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. இன்றைக்கும், திரும்பத் திரும்பக் கரு கலையும் பெண்களுக்கு ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று லேபில் பார்க்கும் சோதனை இந்த விஷத்தை வைத்துத்தான் நடக்கிறது.

கடலைக்கொல்லை:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலையிலிருந்து சித்தப்பாவுக்குச் சிறுநீர் கொஞ்சம் அதிகமாக வருகிறது. இனி தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லலாமா? கார்டிசால் பற்றி அங்கே உள்ள டாக்டரிடமும் கேட்டுவிட்டேன், பார்க்கிறேன் என்றார்.

வார்டு டாக்டர்:

நல்ல செய்தி. ஆனால் தண்ணீர் அளவை நீங்களாக மாற்றாதீர்கள், இளநீரும் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் மீளும்போது முதலில் சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் லிட்டர் கணக்கில் போகலாம், அப்போது உடம்பு வற்றி உப்புகள் இறங்கும். எவ்வளவு குடித்தார், எவ்வளவு போனது என்று ஒரு நோட்டில் மணி போட்டு எழுதி, ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் காட்டுங்கள்.